எம்.பி.எச். படிக்கப் போகிறீர்களா? கணக்கு வந்துவிடும், அடுத்த வரிதான் சிரமம்

அமெரிக்காவில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.எச்., அதாவது பொது சுகாதார முதுநிலைப் படிப்பு, முடித்தவன் நான். சேரப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "கணக்கு நிறைய வருமா? டாக்டருக்குப் படிக்காதவர்கள் சமாளிக்க முடியுமா?" என்பதுதான். என் வகுப்பில் பல் மருத்துவர், நர்ஸ், பொருளாதாரம் படித்தவர், சமூகப் பணி படித்தவர் எல்லோரும் இருந்தார்கள். பெருக்கவும் வகுக்கவும் தெரியாமல் யாருக்கும் மார்க் போகவில்லை. விடை வந்த பிறகு, அந்த எண் யாரைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்வார்கள். மார்க் போனதெல்லாம் அங்கேதான்.

நோய் யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்று ஆராயும் எபிடெமியாலஜி வகுப்பில், பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ சீக்கிரமே வந்துவிடுவார். பிராட் தெருப் பம்ப் தண்ணீரால் காலரா பரவியது என்று அவர் காட்டிய கதை பலருக்கும் தெரியும். ஆனால் தேர்வுக்கு உதவுவது அவர் செய்த இன்னொரு வேலை. 1854 காலராவின்போது தென் லண்டனின் பல தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்கு வெவ்வேறு கம்பெனிகள் தண்ணீர் கொடுத்தன. லாம்பெத் கம்பெனி 1852இல், தேம்ஸ் ஆற்றில் லண்டன் சாக்கடை சேர்வதற்கு முந்தைய பகுதிக்குத் தன் நீரேற்று இடத்தை மாற்றிவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் கம்பெனி அப்போது மாற்றவில்லை. ஸ்னோவின் அட்டவணைப்படி சவுத்வார்க் கம்பெனியின் 40,046 வீடுகளில் 1,263 சாவு. லாம்பெத் கம்பெனியின் 26,107 வீடுகளில் 98 சாவு. பத்தாயிரம் வீட்டுக்கு 315, 37 என்று வரும். எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். இதுவரை இரண்டு நிமிட வேலை.

இனிமேல்தான் கேள்வியே. வகுத்தது வீடுகளால், ஆட்களால் அல்ல. ஒரு கம்பெனியின் வீடுகளில் ஆட்கள் அதிகமாக இருந்திருந்தால்? ஏழைகள் மட்டும் ஒரு கம்பெனியிடம் தண்ணீர் வாங்கியிருந்தால்? ஒரே தெருவில் இரண்டு கம்பெனியின் குழாய்களும் கலந்து ஓடியதால், வசதியிலும் தொழிலிலும் இரு பக்கத்தாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் ஸ்னோவின் வாதத்துக்குப் பலம். கன்ஃபவுண்டிங் (வேறொரு காரணம் உள்ளே புகுந்து ஒப்பீட்டைக் குழப்புவது) பாடத்தை இந்த ஓர் அட்டவணையை வைத்தே படித்துவிடலாம் என்பது என் கருத்து. வரையறையை மனப்பாடம் செய்தவர்களைவிட, "இந்த வித்தியாசத்துக்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?" என்று கேட்டுப் பழகியவர்கள் நன்றாக எழுதினார்கள்.

ஸ்கிரீனிங், அதாவது அறிகுறி இல்லாதவர்களிடமும் நோயைத் தேடும் டெஸ்ட், பற்றிய கேள்வி எப்படியும் வரும். சூத்திரத்தை விட்டுவிட்டுப் பத்தாயிரம் பேரை வைத்துக் கட்டம் போடுங்கள். நோய் 1 சதவீதம் பேருக்கு, சென்சிடிவிட்டி (நோயாளிகளில் பாசிட்டிவ் வருபவர்கள்) 90 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (நோய் இல்லாதவர்களில் நெகட்டிவ் வருபவர்கள்) 95 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நோயாளிகள் 100 பேர், அவர்களில் 90 பேருக்குப் பாசிட்டிவ். நோய் இல்லாதவர்கள் 9,900 பேர், அவர்களிலும் 495 பேருக்குப் பாசிட்டிவ். ஆக, பாசிட்டிவ் வந்த 585 பேரில் உண்மையான நோயாளிகள் 90 பேர்தான், அதாவது ஏறக்குறைய 15 சதவீதம். "டெஸ்ட் மட்டமானது" என்று முடிக்காதீர்கள். நோய் பரவலாக இருக்கும் கூட்டத்தில் இதே டெஸ்டைச் செய்தால் இந்தச் சதவீதம் ஏறிவிடும். அந்த வரியும் விடையில் இருக்க வேண்டும்.

மென்பொருள் விஷயத்துக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. ஆர் (R) அல்லது சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருள்களில் உங்கள் துறை எதைச் சொல்கிறதோ அதைப் பழகுங்கள், போதும். பழக பி.ஆர்.எஃப்.எஸ்.எஸ். (BRFSS) என்ற உடல்நலக் கணக்கெடுப்பின் தரவை எடுத்துக்கொள்ளலாம். 1984 முதல் மாநிலச் சுகாதாரத் துறைகள், மத்திய அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி.யுடன் சேர்ந்து தொலைபேசியில் நடத்தும் கணக்கெடுப்பு அது. ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் பேசுகிறார்கள், தரவு இலவசம். ஒன்றைக் கவனியுங்கள்: போனை எடுத்துப் பதில் சொல்கிறவர்களின் வயதும் படிப்பும் அந்த மாநில மக்கள்தொகையின் விகிதத்தில் அமைவதில்லை. அதைச் சரிக்கட்டத்தான் ஒவ்வொருவருக்கும் ஒரு வெயிட், அதாவது அவர் பதிலை எவ்வளவாக எண்ண வேண்டும் என்ற எண், கொடுத்திருக்கிறார்கள். வெயிட்டைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஒரே கணக்கைப் போட்டுப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம், பல்கலைக்கழகம் பெரிதாக இருப்பது. வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருந்தால் பேராசிரியருக்கு உங்கள் பெயர் தெரியாது, அது இயல்பு. மாணவர்களைச் சந்திக்கப் பேராசிரியர் ஒதுக்கும் ஆஃபீஸ் ஹவர்ஸ் நேரத்தில் அதே பேராசிரியரின் அறையில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். "புரியவில்லை" என்று போகாமல், நீங்கள் எழுதிய விளக்க வரியை எடுத்துக்கொண்டு போய் "இதில் எந்த வார்த்தை தவறு?" என்று கேளுங்கள். பல இடங்களில் புள்ளியியல் துறை மாணவர்களுக்கு இலவச ஆலோசனை தருகிறது, அதையும் விசாரியுங்கள். வளாக வேலை தேடும்போது பொது சுகாதாரத் துறையோடு நின்றுவிட வேண்டாம்; நூலகம், விவசாயம், கல்வியியல் என்று எல்லாத் துறை அறிவிப்பையும் பாருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான்.

அங்கீகாரம் பெற்ற எம்.பி.எச்.க்குக் குறைந்தது 42 செமஸ்டர் கிரெடிட். அதற்குள் களப்பயிற்சியும் உண்டு; அதிலிருந்து குறைந்தது இரண்டு படைப்புகளை (அறிக்கை போன்றவற்றை) கொடுக்க வேண்டும். கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) சுகாதார அலுவலகங்களுக்குத்தான் எல்லோரும் விண்ணப்பிப்பார்கள். மத்திய அரசு கொடுத்த நிலத்தின் உதவியால் உருவான நிலக்கொடைப் பல்கலைக்கழகமாக இருந்தால், அதன் அறிவை மக்களிடம் கொண்டுபோகும் எக்ஸ்டென்ஷன் பணியாளர்கள் கவுன்டிதோறும் இருப்பார்கள். ஊட்டச்சத்து, பண்ணைத் தொழிலாளர் பாதுகாப்பு என்று அவர்களிடமும் வேலை கிடக்கும், போட்டி குறைவு. வெளியிடத்தில் பயிற்சி என்றால் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி கையில் வந்த பிறகே தொடங்குங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் முதலில் கேட்டுவிடுவது நல்லது.

என் பயிற்சியில் முதல் அறிக்கையைப் படித்த அதிகாரி, ஆட்ஸ் ரேஷியோ 1.5 என்ற இடத்தில் பேனாவை வைத்து, "எத்தனை பேர் கூடுதல்?" என்று கேட்டார். நாங்கள் எண்ணியது ஒரு குழுவில் 60 சதவீதம் பேரிடம், இன்னொன்றில் 50 சதவீதம் பேரிடம் இருந்தது. ஆட்ஸ் என்பது இருப்பவர்களை இல்லாதவர்களால் வகுப்பது: 60/40, 50/50. இந்த இரண்டின் விகிதம் 1.5, சதவீதங்களை நேராக வகுத்தால் 1.2 மடங்குதான். நூற்றுக்குப் பத்துப் பேர் கூடுதல் என்று மாற்றி எழுதினேன். ஆட்ஸ் ரேஷியோ பின்னிணைப்புக்குப் போனது.