அதே வரி, வேறு கை

"மாஸ்டர் ஷாட்ல பண்ணின மாதிரியே பண்ணுங்க மேடம்."

"அதே வரி திரும்ப வந்தா அதையே பண்ணக் கூடாதுன்னுதானே சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?"

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய தூண் தாழ்வாரமும்), சீரியல் ஷூட்டிங்கில் நடந்த பேச்சு இவ்வளவுதான். கேட்டது இணை இயக்குநர் தரப்பு, அதாவது நாங்கள். பதில் சொன்னவர் பரதநாட்டிய மேடையிலிருந்து சின்னத்திரைக்கு வந்தவர்.

அவர் சொன்னது சரிதான். பதம் என்ற அபிநயப் பாட்டுக்கு ஆடும்போது பாடுபவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எடுப்பார். ஒரு தடவை கோபம், அடுத்த தடவை ஏளனம், அப்புறம் தன்னிரக்கம் என்று சஞ்சாரி (அந்த வரிக்குக் காட்டும் பாவம்) மாறிக்கொண்டே போகவேண்டும். மாறாவிட்டால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று முன்வரிசை முடிவுகட்டிவிடும். சீரியலிலும் ஒரே வசனம் மாஸ்டர் (காட்சி முழுவதையும் அகலமாக எடுப்பது), டூ ஷாட் (இருவர் மட்டும்), க்ளோஸ் (முகத்துக்கு அருகே) என்று மூன்று தடவையாவது வரும். ஆனால் எந்த வார்த்தையில் தலை திரும்பியது, எந்தக் கை தூணில் இருந்தது என்பதெல்லாம் அச்சு மாறாமல் இருந்தால்தான் எடிட்டர் ஒட்டமுடியும்.

இரண்டு கேமரா வைத்து ஒரே டேக்கில் முடித்திருக்கலாமே என்பார்கள். வளவில் அது நடக்காது. எங்கே வைத்தாலும் ஒன்று தூண் மறைக்கும், இல்லை இன்னொரு கேமரா ஃப்ரேமுக்குள் வரும். முதலில் க்ளோஸை எடுப்பதும் சிரமம். முற்றத்தில் நேர் வெயில் உச்சிப்பொழுதை ஒட்டிக் கொஞ்ச நேரம்தான். வைடு ஷாட்டை அதற்குள் முடிக்கவேண்டும். க்ளோஸை மேலே வெயிலை மட்டுப்படுத்தும் ஸ்கிம்மர் துணி கட்டி எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதிலும் அந்த வழவழச் சுண்ணாம்புச் சுவரில் லைட்டை நேராக அடித்தால் வெள்ளைத் திட்டு விழும். தெர்மாகோலில் அடித்துத் திருப்பவேண்டும். அதற்கே நேரம் ஓடிவிடும். ஆகவே நாங்கள் சொன்ன வரிசையும் சரிதான்.

மாஸ்டரில் இடது கை தூணில், பார்வை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில். க்ளோஸ் முதல் டேக்கில் கை மாறிவிட்டது, பார்வை முற்றத்து வானத்துக்குப் போய்விட்டது. ஆனால் மானிட்டரைச் சுற்றி நின்ற யாரும் பேசவில்லை. அப்படி ஒரு முகம். அடுத்த டேக்கில் சொன்னபடியே செய்தார். கை சரி, பார்வை சரி. மற்றது இல்லை. ஒளிபரப்பானது அதுதான்.

நாட்டியக்காரர்களின் கண் சீரியலுக்கு அதிகம் என்று செட்டில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சுதா சந்திரனைப் பார்த்தும் அப்படிச் சொல்லமுடியுமா? 1981 திருச்சிப் பக்க விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மேடையேறி, 1985ல் 'மயூரி' தெலுங்குப் படத்தில் தன் கதையையே நடித்தவர். 2001ல் தொடங்கிய இந்தித் தொடரில் ரமோலா சிக்கந்த் என்ற வில்லியாக வந்தபோது அந்தக் கண்ணும் புருவமும்தான் பாத்திரமே. வில்லி என்றால் அபிநயத்துக்கு இடம் கொடுக்கிறோம். அழுகிற மருமகள் என்றால் குறைக்கச் சொல்கிறோம். அதுவும் முழுக்க உண்மையில்லை. அன்று குறைக்கச் சொல்லவில்லை, திரும்பச் செய்யத்தான் சொன்னோம்.

கை தெரியாத அளவுக்கு டைட்டாகப் போயிருக்கலாமே என்று இப்போதும் தோன்றுகிறது. போனாலும் பார்வை ஒட்டாது. நடுவே மாமியாரின் ரியாக்‌ஷன் ஒன்றை வைத்தால் ஒட்டும். அந்த ரியாக்‌ஷனை எடுக்கவில்லை. மாமியாராக நடித்தவர் கால்ஷீட் முடிந்து அதற்குள் மதுரைக்குக் கிளம்பியிருந்தார்.