ஊறல் தண்ணீரும் ஒரு லிட்டர் குடுவையும்

வீரவநல்லூருக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை ஒட்டியிருக்கும் எங்கள் புழுங்கல் அரிசி ஆலை நாளொன்றுக்கு 20 டன் நெல் அவிக்கும். தாத்தா காலத்தில் நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டார்கள். அப்பா காலத்தில் அது 65 முதல் 70 பாகை வெந்நீரில் நான்கு மணி நேரம் என்று மாறியது. நாற்றம் குறைந்தது, தண்ணீர் மட்டும் பழையபடி பின்பக்க ஓடையில்தான் விழுந்தது. பிசான அறுவடை முடிந்து ஆலை இரவுபகலாக ஓடிய ஒரு மாசி மாதத்தில், ஓடைக்கு அடுத்த வயல்காரர் அப்பாவைத் தேடி வந்தார். "அண்ணாச்சி, ஒங்க மில்லுத் தண்ணியில மாடு வாயே வைக்க மாட்டேங்கு. வாரியத்துக்கு எழுதப் போறேன். சொல்லாம எழுதக் கூடாதுல்லா, அதான் வந்தேன்" என்றார். அப்பாவிடம் பதில் இல்லை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்க வேண்டிய இசைவாணை எங்களிடம் இருந்தது உண்மைதான். ஆனால் அதில் குறிப்பிட்டிருந்த சுத்திகரிப்புத் தொட்டி, காகிதத்தில் இருந்த அளவுக்குத் தரையில் இல்லை.

முதலில் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினோம். பி.ஓ.டி. என்ற கணக்கு, நீரில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதைக் காட்டுவது. எங்கள் தண்ணீரில் அது லிட்டருக்கு 1,200 மில்லிகிராம். ஓடை, ஆறு போன்ற நீர்நிலைகளில் விடுவதற்கான பொது வரம்பு 30. பாசனத்துக்கு நிலத்தில் விடுவதென்றால் 100. நம் ஊர் வெப்பநிலையில் தெளிந்த ஆற்று நீர் ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அப்படியானால் நாங்கள் விடும் ஒவ்வொரு லிட்டரும் 160 லிட்டர் நல்ல தண்ணீரின் மூச்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அரிசி கழுவிய தண்ணீரில் என்ன விஷம் இருக்கிறது என்று அதுவரை நானே வாதாடியிருக்கிறேன். விஷம் ஒன்றும் இல்லை, மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். அளவுதான் சிக்கல். ஒரு மனிதரின் கழிவு நாளொன்றுக்கு 45 முதல் 54 கிராம் பி.ஓ.டி. என்று கணக்கிடுவார்கள், அப்படிப் பார்த்தால் எங்கள் ஆலை எண்ணூறு, தொள்ளாயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரின் சாக்கடைக்குச் சமமாக இருந்தது.

சுத்திகரிப்பு நிலையம் கட்டித்தர வந்த முதல் ஒப்பந்தக்காரர், நீரில் கரைந்ததையும் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. சவ்வுகள் வரை விலைப்பட்டியல் போட்டுக் கொடுத்தார். திருப்பூரில் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் வாதம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் முதன்மைச் சிக்கல் நீரில் கரைந்த உப்பு. உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது, ஆகவே அங்கே சவ்வு தேவைப்படுகிறது. எங்கள் தண்ணீரில் இருப்பதோ முழுக்கத் தீனி. தீனிக்கு வயிறுதான் வேண்டும் என்று இரண்டாவதாக வந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சொன்னார். அவர் முதலில் செய்யச் சொன்னது தண்ணீர் மீட்டர் வாங்குவது. ஒரு கிலோ நெல்லுக்கு ஒன்றேமுக்கால் லிட்டர் செலவாவது அப்போதுதான் தெரிந்தது. ஊறல் தொட்டிகள் நிரம்பி வழிவதை யாரும் கவனிக்கவில்லை. மிதவை வால்வு மாட்டி, நெல்லைப் பதரும் தூசியும் போகப் புடைத்த பிறகே ஊறவைத்ததில், ஒன்றேகால் லிட்டருக்கு இறங்கியது. அதாவது நாளொன்றுக்கு 35,000 லிட்டராக இருந்தது 25,000 ஆனது. நீர்தான் குறைந்தது, அதிலிருந்த சத்து பெரிதாகக் குறையவில்லை என்பது உண்மையே. ஆனால் கட்ட வேண்டிய தொட்டிகள் சிறுத்தன, ஆற்றுப்படுகையிலிருந்து நாங்கள் இறைக்கும் நீரும் குறைந்தது.

நிலையம் இப்படி வேலை செய்கிறது. ஊறல் நீர் வலையில் வடிந்து, சமன்செய் தொட்டியில் 40 பாகைக்குக் கீழே ஆறும். அடுத்து, காற்றுப் புகாத மூடிய தொட்டியின் அடியிலிருந்து மேலேறும்; அங்கே சாணக் கரைசலிட்டு வளர்த்த நுண்ணுயிர்க் கசடுப் படுகை பெரும்பகுதியைத் தின்று மீத்தேனாக மாற்றும். மிச்சத்தைக் காற்றூட்டும் தொட்டி பார்த்துக்கொள்ளும். வரும் எரிவாயு அதிகமில்லை; தொழிலாளர்களின் தேநீர் அடுப்பு அதில் எரிகிறது, எஞ்சியதைக் கொளுத்திவிடுகிறோம். வாரியத்துக் காகித வேலைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கேட்டதைக் கொடுத்தோம், ஆய்வுக்கு வந்தார்கள், நேரம் பிடித்தது.

உண்மையான சோதனை பொங்கலுக்கு வந்தது. நான்கு நாள் விடுமுறை விட்டோம். சமன்செய் தொட்டியில் நின்ற தண்ணீர் இட்லி மாவைப் போலப் புளித்து, பி.எச். என்னும் அமில அளவு நாலரைக்கு இறங்கிக் கிடந்தது; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடுகிறது என்று பொருள். ஆலை திறந்த அன்று காலை, அதைச் சோதிக்காமலேயே, தேங்கியது தீரட்டும் என்று பம்பை முழு வேகத்தில் ஓடவிட்டது நான்தான். மறுநாள் மூடிய தொட்டியில் வாயு நின்றுவிட்டது. அடுப்பு எரியவில்லை என்று தேநீர் போடுபவர் வந்து சொன்னபோதுதான் எங்களுக்கே விவரம் தெரிந்தது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அமில அளவு ஏழை ஒட்டி இருக்க வேண்டும். ஆறுக்குக் கீழே போனால் அவை ஓய்ந்துவிடும், அமிலம் உண்டாக்கும் கூட்டமோ ஓயாமல் வேலை செய்து நிலைமையை இன்னும் கெடுக்கும். அடுத்திருந்த காற்றூட்டும் தொட்டியும் தப்பவில்லை. ஒவ்வொரு காலையும் அதிலிருந்து ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் எடுத்து அரைமணி நேரம் அசையாமல் வைப்போம். கசடு முந்நூறு மில்லிலிட்டர்க் கோட்டுக்கு இறங்கி, மேலே தெளிநீர் நிற்க வேண்டும். அந்த வாரம் தொளாயிரத்திலேயே நின்றது, அவிழ்ந்த பஞ்சுபோல. புளித்த நீரும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் சேர்ந்தால் நூலாக நீளும் பாக்டீரியாக்கள் பெருகிவிடும். அவை ஒன்றையொன்று பின்னிக்கொள்வதால் கசடு அடியில் படியாது.

வரும் தண்ணீரை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தோம். அதற்காக ஆலையையும் குறைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. அறுவடைக் காலத்தில் பூச்சிக்காக மில்லை நிறுத்துவதா என்றார். சுண்ணாம்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக விட்டோம், புதிதாகச் சாணமும் கரைத்தோம், காற்றடிக்கும் புளோயர் ஒன்றைக் கூட்டினோம். மீத்தேன் நுண்ணுயிர்கள் மெல்லப் பெருகுபவை, அவசரப்படுத்த முடியாது. அடுப்பு மறுபடி நீலமாக எரிய ஐந்து வாரம் ஆயிற்று. அதன்பின் விடுமுறைக்கு முந்தைய நாளே சமன்செய் தொட்டியைக் காலி செய்துவிடுகிறோம். விடுமுறையிலும் ஓர் ஆள் வந்து குடுவையைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

கடைசி ஆய்வறிக்கையில் பி.ஓ.டி. 26. அந்த நீரில் ஆலைத் தரையைக் கழுவுகிறோம், பாய்லர் உமிச் சாம்பலை அணைக்கிறோம், மிச்சம் முழுவதும் எங்கள் தென்னந்தோப்புக்குப் போகிறது. ஊறவைக்க மீண்டும் பயன்படுத்தவில்லை. அரிசியில் வாடை ஏறிவிடும். உலர்ந்த கசடைப் பக்கத்து வயல்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். வாரியத்துக்கு அவர் எழுதினாரா என்று நாங்கள் கேட்கவில்லை. வரம்புக்குள் இருந்தாலும் தண்ணீரில் தேயிலைச்சாறு போன்ற நிறம் இன்னும் போகவில்லை, அதனால் ஓடையில் விடுவதில்லை என்று வைத்திருக்கிறோம். வெயில் காலத்தில் இது எளிது. ஐப்பசி, கார்த்திகையில் தோப்பே மழையில் மிதக்கும்போது 25,000 லிட்டரை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதற்குத்தான் விடை கிடைக்கவில்லை. இப்போதைக்குத் தோப்பின் மேல்கோடியில் ஒரு குளம் வெட்டியிருக்கிறோம், சென்ற கார்த்திகையில் அது கரை விளிம்புவரை வந்து நின்றது.