படிவத்துக்குப் பழகிய கதைகள்

திருகோணமலை மாவட்டத்தில் முதியவர்களின் வாழ்க்கைக் கதைகளை ஒலிப்பதிவு செய்வது என் வேலை. முன்பின் தெரியாதவரிடம் பேச்சுக் கொடுப்பதுதான் இதில் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அதில் ஒரு கடினமும் இல்லை. தேநீர் வருவதற்குள் கதை வந்துவிடும். சிக்கலே அந்தக் கதையில்தான்.

2004 சுனாமிக்குப் பிறகும் 2006 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகும் இந்த மக்களிடம் கோப்பும் பேனாவுமாக எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். எல்லோரும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் கேட்டார்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்பத்தில் எத்தனை பேர், என்ன இழந்தீர்கள். சொல்பவர்களுக்கும் அந்த வரிசை மனப்பாடமாகிவிட்டது.

மூதூர் கிழக்கில் ஓர் அம்மா, நான் பாயில் உட்காரும் முன்பே உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். குடும்ப அட்டை, கிராம சேவகரின் கடிதம், காணி பெர்மிட்டின் போட்டோப் பிரதி, முகாமில் கொடுத்த நிவாரண அட்டை. ஒவ்வொன்றாகப் பரப்பி, சுருண்ட ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, “எழுதுங்கள் பிள்ளை” என்றார். வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்று போன வழியைப் பிசகில்லாமல் ஒப்புவித்தார். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் அதிகாரிகளுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த உண்மை.

“மாடு வைத்திருந்தீர்களா அம்மா?” என்று கேட்டேன்.

“மாடா? பட்டியே இருந்தது.” கடிதங்களை ஒதுக்கிவிட்டுத் திண்ணையோர மணலில் விரலால் ஒரு குறியை வரைந்தார். அது தகப்பன் வீட்டுக் குறி. பக்கத்தில் இன்னொன்று, புருஷன் வீட்டுக் குறி. சீதனமாக வந்த எருமைகளின் உடம்பில் இரண்டும் இருக்குமாம். குறி சுடும் நாளில் யார் கயிறு பிடித்தார்கள், எந்த எருமை தயிர் முட்டியை உதைத்து உடைத்தது, யார் கை பட்டால் பால் இறங்காது என்று பொழுது சாயும்வரை சொன்னார். படிவத்தில் இதற்கெல்லாம் ‘கால்நடைகள்’ என்று ஒரு கட்டம் இருந்திருக்கும். அதற்குள் ஓர் எண்.

ஆகவே நான் இழப்பை முதலில் கேட்பதில்லை. தொழிலைக் கேட்கிறேன். கரைவலை இழுத்தவரிடம் பங்கு எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டால் போதும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு இருந்த பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். கிண்ணியாவில் ‘பாதை’யைப் பற்றிக் கேட்க வேண்டும்; ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவைக்கு இங்கே அதுதான் பெயர். 2009இல் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையைப் பாதையில்தான் கடந்தார்கள். அதற்காகக் காத்திருந்த நேரத்தில் கல்யாணம் பேசியவர்களும் உண்டு, கடன்காரரிடம் அகப்பட்டவர்களும் உண்டு. பாலம் வந்தது நல்லதுதான், ஆனால் என் தொழிலுக்கு அந்தத் துறை எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஆண்டைக் கேட்பதும் வீண். 1964 டிசம்பர் என்று யாரும் சொல்வதில்லை, ‘சூறாவளி வருஷம்’தான். சீனக்குடாப் பக்கம் ஒரு பெரியவர், ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தாயின் வயிற்றில் இருந்ததாகச் சொன்னார். குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 9. அடையாள அட்டையோ அவர் பிறந்தது 1946 என்கிறது. நான் தாயைத்தான் நம்பினேன்.

பதிந்ததை மறுபடி கொண்டுபோய்ப் போட்டுக் காட்டி, எதை வைக்கலாம், எதை நீக்கலாம் என்று கேட்பது எங்கள் வழக்கம். போரைப் பற்றிய பகுதிகளைத்தான் நீக்கச் சொல்வார்கள் என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். அப்படிச் சொல்பவர்களும் உண்டு. பெரும்பாலும் கத்தரிக்கோல் விழுவது சொந்தக்காரர் மேல்தான். அந்த அம்மாவும் கடைசிவரை கேட்டுவிட்டு, “ஷெல் அடித்தது இருக்கட்டும் பிள்ளை. மச்சாளைப் பற்றிச் சொன்னேனே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். பக்கத்து வளவில்தான் இருக்கிறாள்” என்றார்.

முழுப் பதிவிலும் அவர் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் அதுதான். எடுத்துவிட்டோம்.