நாற்றுமேடை: சில அம்பிட்டியக் குறிப்புகள்

8 மே 2025, வியாழன் இரவு

ரோமில் புதிய பாப்பரசரைத் தெரிவுசெய்துவிட்டார்கள் என்று புகை வெள்ளையாக வந்தபோது எங்கள் நேரம் 9.37. வீட்டுக்கார அன்ரி சத்தம் போட்டுக் கூப்பிட, கையில் புட்டுக் கோப்பையோடு ஓடிப்போய் டிவி முன்னால் நின்றவள்தான், அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் சிவப்புத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் புட்டு காய்ந்து பொரியாகிவிட்டது. கடைசியில் பெயர் சொன்னார்கள். லியோ. பதினான்காம் லியோ. அமெரிக்காவில் பிறந்து பெரு நாட்டில் ஆயராக இருந்தவராம். அன்ரி சிங்களக் கத்தோலிக்கர். "லியோ என்றால் சிங்கம்தானே, எங்கட கொடியில இருக்கிறவர்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வாடகை வீட்டில் இருக்கிறவள் வேறென்ன செய்ய.

எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் கண்டிப் பக்கம் தம்பி குருவாகப் படிக்கிற அம்பிட்டியக் குருமடம்தான் ஞாபகம் வந்தது. தம்பிக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. இறையியல் இரண்டாம் ஆண்டு, நினைத்த நேரத்தில் போன் எடுக்கிற ஆள் இல்லை அவன். கட்டாயம் பொடியன்கள் எல்லாரும் இப்போது கூடத்தில் கைதட்டிக்கொண்டு இருப்பார்கள்.

10 மே, சனி

அந்தப் பெயரை ஏன் எடுத்தார் என்று பாப்பரசரே இன்று கர்தினால்மாரிடம் சொல்லிவிட்டார். பதின்மூன்றாம் லியோ 1891இல் தொழிலாளர் உரிமை பற்றி எழுதிய சுற்றுமடல், அதுபோல இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு காலத்தில் மனித உழைப்பின் மதிப்பு, இப்படி. நல்ல காரணம்தான். பேஸ்புக் முழுக்க அதுதான் ஓடுகிறது.

ஆனால் கண்டியில் இருக்கிறவர்களுக்கு அந்த லியோ வேறு கணக்கு. 1891 மடலுக்கு இரண்டு வருடம் கழித்து, 1893 ஜூன் 24இல், இன்னொரு மடல் எழுதினார், 'அத் எக்ஸ்த்ரேமாஸ்' என்று. அதில் சொன்னது சுருக்கமாக இதுதான்: இந்தியா, இலங்கைப் பக்கத்தில் வெளிநாட்டுக் குருக்களை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது, அவர்களுக்கு மொழி பிடிபடுவதே பெரும்பாடு, எத்தனை வருடம் இருந்தாலும் அந்நியர்தான், அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே குருக்களாக வராவிட்டால் அங்கே விசுவாசத்துக்கு உறுதியான பிடிமானம் இல்லை. கையோடு ஐரோப்பியக் கத்தோலிக்கரிடம் குருமடம் கட்டக் காசும் கேட்டிருக்கிறார். அதே வருடம் கண்டியில் பாப்பரசர் குருமடம் தொடங்கியது. நடத்தியவர்கள் பெல்ஜியத்து இயேசு சபையினர். ஓடித்திரிந்தவர் சலேஸ்கி என்கிற பாப்பரசரின் பிரதிநிதி, போலந்துக் குடும்பம், செடி கொடிகளைப் பார்த்துப் பார்த்து வரைகிற மனிதர். அப்படிப்பட்டவருக்குக் கண்டி பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை, பேராதனைப் பூங்கா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே.

குருமடத்துக்கு ஒரு லத்தீன் வாசகம் உண்டு. 'இந்தியாவே, உன் பிள்ளைகளே உனக்கு மீட்பின் பணியாளர்கள்' என்று அர்த்தம். எனக்கு எப்போது வாசித்தாலும் சிரிப்பு வரும். வீடு இருப்பது இலங்கையில், கூப்பிடுவது இந்தியாவை. உன் பிள்ளைகளே உனக்கு என்று சொல்வது லத்தீனில், அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததும் லத்தீனில்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. அங்கே படித்த வலேரியன் கிரேசியஸ்தான் 1953இல் இந்தியாவின் முதல் கர்தினால். கேரளத்துப் பாரேக்காட்டில் 1939இல் கண்டியில்தான் குருவானார், அவரும் பிறகு கர்தினால். லியோ போட்ட கணக்கு சரியாகத்தான் வந்திருக்கிறது.

11 மே, ஞாயிறு

விடிய எழும்பியதும் கொத்மலைப் பஸ் விபத்துச் செய்தி. இருபது பேருக்கு மேல். பூசையில் அவர்களுக்காகத்தான் முதல் மன்றாட்டு, அன்ரி முழு நேரமும் செபமாலையைக் கையை விட்டு எடுக்கவில்லை.

இன்று நல்லாயன் ஞாயிறு, இறையழைத்தலுக்காக, அதாவது குருக்களாகவும் துறவிகளாகவும் பிள்ளைகள் வரவேண்டும் என்று, மன்றாடுகிற நாள். ஆறாம் பவுல் 1964இல் தொடக்கி வைத்தது. வழக்கம்போல "உங்கள் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத் தாருங்கள்" என்று பிரசங்கம். கொடுத்த வீட்டுக்காரி என்பதால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், அதை மறைப்பானேன்.

ஆனால் எனக்குச் சின்னப்பாட்டாவும் ஞாபகம் வந்தார். பாட்டாவின் தம்பி. நாலு வருடம் குருமடத்தில் லத்தீன் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். போகும்போது மேளம், வெடி, மாலை. வந்தபோது ஒருவரும் வாசலுக்கு வரவில்லையாம். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'பாதிச் சாமி', சாகும்வரை அதுதான். மன்னார்க் கடலில் நாற்பது வருடம் வலை போட்டார், விடியப்புறம் வள்ளம் தள்ளும்போது "இன்ட்ரொய்போ அத் அல்தாரே தேயி" என்று சத்தமாகத் தொடங்குவாராம், பழைய பூசையின் முதல் வரி, கடவுளின் பீடத்துக்குப் போவேன் என்று. கூடப் போகிற ஆட்கள் அதற்குப் பதில் வரியையும் பாடமாக்கி வைத்திருந்தார்கள். இயந்திரம் பழுதானால் ஏசுவதும் லத்தீனில்தான் என்று அப்பா சொல்வார். அறுபதுகளில் பூசை தமிழுக்கு மாறியபோது ஊரே சந்தோசப்பட, அவர் மட்டும் ஒரு மாதம் கோயிலுக்கு வரவில்லை. அவரிடம் இருந்த ஒரே சொத்து அது.

இந்தக் கதையை இறையழைத்தல் ஞாயிறுகளில் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை.

12 மே, திங்கள், வெசாக்

தம்பிக்கு இன்று வெளியே வர முடிந்தது. ஏரிக்கரையைச் சுற்றி நடந்தோம், பத்தடிக்கு ஒரு தன்சல், சும்மா சாப்பாடு கொடுக்கிற பந்தல், வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள், மூன்று இடத்தில் கடலை, ஒரு இடத்தில் ஐஸ்கிரீம். மல்வத்தை விகாரைப் பக்கம் வந்தபோது எங்களுக்கு முன்னால் நாலைந்து சின்னப் பிக்குகள், பதின்மூன்று பதினாலு வயதிருக்கும், வெசாக் கூடு பார்த்துக்கொண்டு போனார்கள். "அவர்களுக்கு பாளி, எங்களுக்கு லத்தீன்" என்றான் தம்பி. அந்த ரோடு அப்படியே மேலே ஏறினால் அம்பிட்டிய.

லத்தீன் இப்போது பெயருக்குக் கொஞ்சம்தான். அவன் உண்மையில் பட்டபாடு சிங்களத்தோடு. மன்னாரில் வளர்ந்த பிள்ளை, பத்தொன்பது வயதுவரை பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கத் தெரிந்த அளவு சிங்களம்தான். இப்போது சிங்களத்தில் பகிடி விடுகிறான், தன்சல்காரரோடு அரை மணித்தியாலம் கதைக்கிறான், நான் பக்கத்தில் வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கனவுகூட இடைக்கிடை சிங்களத்தில் வருகிறதாம். அதைச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சரியாக எழுதத் தெரியவில்லை. பெருமையும் இல்லை, கவலையும் இல்லை.

"தமிழ்ப் பிரசங்கம் எப்படி?" என்று கேட்டேன்.

"அதுதான் அக்கா இப்ப கஷ்டம். ஆங்கிலத்தில வாசிச்சு, சிங்களத்தில கதைச்சு, தமிழில சொல்ல வெளிக்கிட்டா புத்தகத் தமிழ்தான் வருது."

தனிநாயகம் அடிகளையும் நினைத்துப் பார் என்றேன். ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொனில் பிறந்து, கொழும்பிலும் ரோமிலும் குருமடப் படிப்பு முடித்து, அதற்குப் பிறகுதான் வடக்கன்குளத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே தமிழை முறையாகப் படித்தார். உலகத் தமிழ் ஆராய்ச்சிக்கு வழி போட்டவரே அப்படித்தான். தம்பி, "நான் அவர் அளவுக்கு வேண்டாம், பேசாலையில மீன் விக்கிற அம்மாவுக்கு விளங்கினா போதும்" என்றான். நல்ல பதில். வாயை மூடிக்கொண்டேன்.

வடக்கில் பொடியன்களுக்கு யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் புனித சவேரியார் குருமடம் இருக்கிறது, தமிழ்ச் சூழலிலேயே படிக்கலாம். அங்கே போயிருந்தால் சுகமாக இருந்திருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. இந்த நாட்டில் முப்பது வருடம் நடந்ததற்குப் பிறகு ஒரே மேசையில் தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே பருப்பைப் பரிமாறிச் சாப்பிடுகிற இடங்கள் எத்தனை இருக்கின்றன?

13 மே, செவ்வாய்

நேற்று எழுத மறந்தது. ஏரிக்கரையில் தம்பிக்குப் பாட்டாவின் கப்பல் கதையைச் சொன்னேன், அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பாட்டாவுக்கு தலைமன்னார் இறங்குதுறையில் சுமை வேலை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, இந்தியாவிலிருந்து கண்டிக் குருமடத்துக்கு வருகிற பிள்ளைகள் அந்த வழியாலும் வந்து இறங்குவார்கள். தமிழ், மலையாளம், கொங்கணி என்று எல்லாம் கலந்து கேட்குமாம். இரவெல்லாம் கோச்சியில், ரயிலில், உட்கார்ந்து, கடலில் சத்தி எடுத்து, முகம் வெளிறி வருவார்கள், மறுபடி இன்னொரு கோச்சி, பொல்காவலையில் மாறினால் கண்டி. "சாமிப் பொடியன்களின் பெட்டி மட்டும் பாரம்" என்பார் பாட்டா, "புத்தகம்". ஒரு பெட்டிக்குக் கூலி வாங்கியதில்லையாம், பிறகு செபத்தில் நினைப்பார்கள் என்ற கணக்கு. அவருடைய தம்பி குருமடம் போக ஆசைப்பட்டதே அந்தப் பெட்டிகளைப் பார்த்துத்தான்.

பிறகு இந்தியாவுக்கு 1947, எங்களுக்கு 1948. இரண்டு நாடு, இரண்டு கடவுச்சீட்டு. 1955இல் பாப்பரசர் குருமடம் புனேக்குப் போய்விட்டது, இன்றைக்கும் அங்கே அதே பெயரில் இருக்கிறது. அம்பிட்டியவில் இலங்கை மாதா தேசிய குருமடம் வந்தது, தம்பி இருப்பது இதில். பெட்டி தூக்கும் வேலை நின்றுபோய் ஒன்பது வருடத்தில், 1964 டிசம்பர்ப் புயலில், தனுஷ்கோடியே இல்லாமல் போனது.

18 மே, ஞாயிறு

ரோமில் புதிய பாப்பரசரின் தொடக்கத் திருப்பலி, எங்களுக்கு மத்தியானம் ஒன்றரை. பாதியில் கதவு தட்டும் சத்தம். தம்பியின் சிநேகிதன், வேறொரு குருமடத்தில் படித்த பிள்ளை, கையில் ஒரு தகரப் பெட்டி. குருமடத்தை விட்டுவிட்டு வந்துவிட்டான். அவனாக எடுத்த முடிவு, யாரும் போகச் சொல்லவில்லை. இரண்டு வருட மெய்யியல் முடித்து ஒரு வருடம் பங்கில் வேலை செய்தபோது தெரிந்துவிட்டதாம், இது தன் வழி இல்லை என்று. ஊருக்குப் போக முகம் இல்லை. இரண்டு கிழமை தங்கலாமா என்று கேட்டான்.

அன்ரி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சோறு போட்டார். கருவாட்டுக் குழம்பு.

25 மே, ஞாயிறு

பிள்ளையின் அம்மா போனில் அழுகிறார். பங்கில் யாரோ "என்ன, ஏதும் பிரச்சினை பண்ணிப்போட்டானா" என்று கேட்டார்களாம். சின்னப்பாட்டா காலத்திலிருந்து ஒரு அங்குலம் நகரவில்லை நாங்கள். திருச்சபைச் சட்டமே குறைந்தது இரண்டு வருடம் மெய்யியல், நாலு வருடம் இறையியல் என்று ஆறு வருடம் கேட்கிறது, இருபத்தைந்து வயதாகாமல் குருப்பட்டம் இல்லை என்கிறது. 2016இல் ரோமிலிருந்து வந்த ஒழுங்கில் அதற்கு முன்னால் முன்தயாரிப்புக் காலம் ஒன்றும் கட்டாயம். இவ்வளவு நீட்டி வைத்திருப்பதே யோசிக்கத்தானே? யோசித்தவன் இல்லை என்று முடிவெடுத்தால் அது எப்படிக் குற்றமாகும்? நீட்டி வைத்தவர்களுக்கு விளங்குகிறது, ஊருக்குத்தான் விளங்கவில்லை.

தம்பி வந்திருந்தான். மூன்று பேரும் முற்றத்தில் தேத்தண்ணி. 1563இல் திரெந்துச் சங்கம், கத்தோலிக்க ஆயர்களின் பெரிய கூட்டம், மறைமாவட்டந்தோறும் குருமடம் வேண்டும் என்று சட்டம் போட்டபோது வைத்த பெயர் 'செமினாரியும்', நாற்றுமேடை என்று அர்த்தம், இது தம்பி சொன்னது. அந்தப் பிள்ளை உடனே, "எங்கட கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் ஆர் நாற்று நடுகினம்? எறிஞ்சு விதைக்கிறதுதானே" என்றான். உண்மைதான். நற்செய்தியில் வருகிற விதைப்பவனும் எறிந்துதான் விதைக்கிறான், கொஞ்சம் பாதையில் விழுகிறது, கொஞ்சம் பாறையில், கொஞ்சம் முள்ளுக்குள். நாற்றுமேடை பிறகு வந்த ஏற்பாடு. "அப்ப நான் பாறையா, முள்ளா?" என்று அவன் கேட்க, தம்பி தேத்தண்ணியைத் துப்பிவிட்டான். வந்த நாளிலிருந்து அவன் சிரித்து இன்றைக்குத்தான் பார்த்தேன்.

8 ஜூன், ஞாயிறு

பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்றில் 'பிரதர்' என்றும், குருமடத்துப் பொடியன்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், கீழே அவன் பெயரும் எழுதியிருக்கிறது. குருமடம் போகும்போது மாமா எழுதிக் கொடுத்ததாம், நல்ல கையெழுத்து. இன்று பின்னேரம் பிளேடும் மண்ணெண்ணெயும் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். பெயின்ற் போனது, ஆனால் அதன் கீழே தகரம் துருப்பிடிக்காமல் பளபளவென்று இருந்ததால் எழுத்து முன்னதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் பிளேடைக் கீழே வைத்துவிட்டான். மேலே கறுப்பு அடிக்கலாம் என்று அன்ரி சொன்னார். பரவாயில்லை என்றான்.

24 ஜூன், செவ்வாய்

லியோவின் அந்த மடலுக்கு இன்றோடு 132 வருடம். தம்பிக்குச் செய்தி அனுப்பினேன், "பரீட்சை, பிறகு கதைப்பம்" என்று பதில் வந்தது.

அந்தப் பிள்ளைக்கு வவுனியாவில் ஒரு தனியார் வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. விடியக் கண்டி பஸ் நிலையத்துக்கு நானும் போனேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, போய்ச் சேர்ந்து சொல்கிறேன் என்றான். பஸ் புறப்படப்போகிறது, இவன் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு படியில் நிற்கிறான். கொண்டக்டர் பெட்டியைப் பார்க்கவே இல்லை, அவர் எல்லாரையும் கூப்பிடுகிற மாதிரித்தான் கூப்பிட்டார். "பிரதர், அதைப் பின்னால போடுங்க, சீற் இருக்கு."

இவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தான்.