மிக்ஸிக்கும் சிஎன்சிக்கும் ஆகாது

கம்ப்யூட்டர் சொல்கிறபடி பலகையில் எழுத்துச் செதுக்கும் அந்த 3018 சிஎன்சி இயந்திரத்தை வாங்கியது இவர். பாகம் பாகமாக வந்ததை ஹால் முழுக்கப் பரப்பி, சோபாவுக்கு அடியில் உருண்டுபோன திருகாணிக்காக சோபாவையே இடம் மாற்றி, ஒரு வழியாகப் பூட்டி நிறுத்தியதும் இவர்தான். நிறுத்தியதோடு சரி. மீன் தொட்டிக்கும் கிட்டாருக்கும் நேர்ந்த கதிதான் இதற்கும். "கம்ப்யூட்டர் பக்கம் உன் துறைதானே, நீ பார்த்துக்கொள்" என்றார். வங்கிகளுக்கு மென்பொருள் சோதிப்பவள் நான். மரத்தூள் எப்போது என் துறையானது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் இவருக்குப் போன் வந்துவிட்டது. இவருக்கு எப்படியும் வந்துவிடும்.

என் லேப்டாப்பை அந்தத் தூசியில் வைக்க மனம் வரவில்லை. காந்திபுரத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டி கிடைத்தது. 4 ஜிபி நினைவகம். உபுண்டு 22.04 என்ற இயங்குதளத்தைப் போட்டேன். இத்தனைக்கும் இயந்திரத்தை உண்மையில் ஓட்டுவது அதன் போர்டில் இருக்கும் ஒரு சில்லுதான்; அதன் நினைவகம் வெறும் 2 கேபி. ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள் அதற்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு மில்லிமீட்டர் நகர 800 துடிப்பு என்று கணக்குப் பிசகாமல் மோட்டாரைத் திருப்புகிறது. நான் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்கு, அடுத்த வரி, அடுத்த வரி என்று எடுத்துக் கொடுப்பது மட்டுமே வேலை. வேலை செய்பவன் ஒருவன், இடம் அடைத்துக்கொண்டு உட்காருபவன் வேறொருவன். எந்த அலுவலகத்தில்தான் இல்லை?

அந்த வேலையையும் அது செய்யவில்லை. கேபிளைச் செருகினால் இயந்திரம் கண்ணில் பட்ட நொடியிலேயே காணாமல் போனது. நடந்ததையெல்லாம் பெட்டி குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், பிரெய்ல் கருவிகளுக்கான ஒரு நிரல் குறுக்கே பாய்ந்து இணைப்பைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் இயந்திரத்தில் இருப்பது சிஎச்340 என்ற யுஎஸ்பி சில்லு. பார்வையற்றவர்கள் தொட்டுப் படிக்கும் ஒரு கருவியிலும் அதே அடையாள எண்தானாம். உபுண்டு எங்கள் செதுக்கும் இயந்திரத்தைப் பிரெய்ல் கருவி என்று நினைத்து அன்போடு அரவணைத்திருக்கிறது. அதை நீக்கினால் சரியாகிவிடும் என்று சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கண் தெரியாதவர்களுக்கு உதவுவதையா அழிக்கப் போகிறாய்?"

"நம் வீட்டில் அப்படி யாரும் இல்லையே அத்தை."

"அது அதற்குத் தெரியுமா?"

பதில் சொல்ல முடியவில்லை. அழித்தேன். அத்தை அன்றைக்கே ஈச்சனாரிப் பிள்ளையாருக்கு ஓர் அர்ச்சனை நேர்ந்துகொண்டார். அந்தத் தேங்காய் கதைக்குள் மறுபடி வரும்.

பிறகு, இயந்திரத்தோடு பேச எனக்கு அனுமதி இல்லை என்றது உபுண்டு. என் பெயரை அனுமதி உள்ள ஒரு குழுவில் சேர்த்து, கணக்கிலிருந்து வெளியே போய்த் திரும்பி உள்ளே வந்ததும் தீர்ந்தது. பெட்டி நடுவில் தூங்கிவிடாதபடி அதன் உறக்க வசதியை அணைத்தேன். மாமாவுக்குத்தான் மென்பொருளில் மருந்தில்லை. என் மாமனாரைத்தான் சொல்கிறேன். இரவு ஒன்பதரைக்கு வீட்டைச் சுற்றி வந்து ஒரு சுவிட்ச் விடாமல் அணைப்பவர். ஃபிரிட்ஜ் தப்பிப்பதே அத்தையின் தயவில்தான். 'சுவிட்சை அணைக்காதீர்கள்' என்று சீட்டு ஒட்டினேன். சீட்டைப் படித்துவிட்டு அணைத்தார். கடைசியில் பெட்டியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய், மின்சாரம் வந்ததும் பெட்டி தானே எழுந்துகொள்ளும்படி மாற்றினேன். இரவில் அவர் அணைக்கிறார், காலையில் அவரே போடுகிறார், அது எழுந்துகொள்கிறது. இருவரும் சமாதானமாக இருக்கிறார்கள்.

முதல் பலகையும் மாமாவுக்குத்தான். எதிர்க் கல்யாண மண்டபத்துக்கு வருகிற கார்கள் எல்லாம் எங்கள் வாசலில்தான் நிற்கும் என்பதும், முகூர்த்த நாள்களில் மாமாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்பதும் தெருவுக்கே தெரியும். 'கேட் முன்பு வண்டி நிறுத்தக் கூடாது' என்று, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் செதுக்க வேண்டும். செதுக்கும் மென்பொருளோ, 'கே'யின் கொம்பைத் தூக்கி எழுத்துக்குப் பின்னால் வைத்தது. இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் எழுதி, எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றிக் கொடுத்த பிறகுதான் அடங்கியது.

நேற்று காலை ஓடவிட்டேன். 'கேட் முன்பு வண்டி' என்ற முதல் வரி அச்சில் வார்த்ததுபோல் விழுந்தது. இரண்டாம் வரி 'நிறுத்த' வரை வந்தது. அந்த நேரம் பார்த்து அத்தை, பிள்ளையார் கோவில் தேங்காயைச் சட்னிக்காக மிக்ஸியில் போட்டார்.

இணைப்பு அறுந்தது. எழுத்து ஓட்டம் நின்றது. செதுக்கும் முனை மட்டும் ஒரே இடத்தில் சுற்றி லேசாகப் புகைந்தது.

அத்தை இன்றுவரை நம்ப மறுக்கும் உண்மை இதுதான்: மிக்ஸி மோட்டாருக்குள் கார்பன் உரசி உரசித் தீப்பொறி பறக்கிறது. அந்த மின் இரைச்சல் ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் வந்து யுஎஸ்பி கேபிளைக் கலங்கடிக்கிறது. கிரைண்டரில் அந்தத் தொல்லை இல்லை. அதில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார், கார்பனே கிடையாது. மாவு அரைக்க அரைக்க இயந்திரம் நிம்மதியாக ஓடும். கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு மிக்ஸியில் ஏன் அரைக்க வேண்டும் என்று நியாயமாகத்தான் கேட்டேன்.

"இரண்டு மூடி தேங்காய்க்குக் கிரைண்டரைக் கழுவி வைப்பது யார்? நீயா, உன் இயந்திரமா?" என்றார்.

கவசமுள்ள குட்டைக் கேபிள், கேபிளில் மாட்டி மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம், வேறு லைனில் பிளக் என்று இவர் ஒரு பட்டியல் வாசித்தார். வாசித்ததோடு சரி.

விட்ட இடத்திலிருந்து தொடரவும் வழியில்லை. எங்கள் இயந்திரத்தில், முனை ஓரத்தைத் தொட்டதும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் எல்லைச் சுவிட்ச் கிடையாது. மறுபடி இணைத்ததும் போர்டு புதிதாகப் பிறந்து, நிற்கிற இடமே பூஜ்யம் என்று சாதிக்கிறது. ஆகவே கையில் இருந்தது 'கேட் முன்பு வண்டி நிறுத்த' என்று ஊரையே வரவேற்கும் ஒரு பலகை. குப்பையில் போடலாம் என்றேன். பலகை என்ன விலை என்று மாமா கேட்டார். இவர் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டார். மாமா எழுந்து போய், ஜன்னலுக்கு அடித்து மீந்த கறுப்புப் பெயிண்டையும் ஒரு தூரிகையையும் எடுத்து வந்தார்.

மில்லில் பஞ்சு மூட்டைகளுக்கு எண் எழுதிய கை. கோடு போடவில்லை, அளக்கவில்லை. இயந்திரம் விட்ட இடத்தில் தூரிகையை வைத்து, 'க் கூடாது' என்று ஒரே மூச்சில் எழுதினார். 'டா'வின் காலை இறக்கிய விதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடத்தில் மாமா எழுதி நான் பார்த்ததெல்லாம் பால் கணக்குதான். மில் மூடியபோது அந்தக் கையும் ஓய்ந்துவிட்டது போலிருக்கிறது. நன்றாக இருக்கிறது மாமா என்றேன். எழுத்தா, பலகையா என்று அவர் கேட்கவில்லை.

சாயங்காலமே கேட்டில் மாட்டியாகிவிட்டது. எம்டிஎஃப் பழுப்பு, செதுக்கிய எழுத்தும் அதே பழுப்பு. நாலடி தள்ளி நின்றால் என் எழுத்து ஒன்றும் தெரிவதில்லை. மாமாவின் கறுப்பு எழுத்து மட்டும் தெருமுனை வரை தெரிகிறது. வெறும் 'க் கூடாது'. இன்று முகூர்த்தம். ஒவ்வொரு காரும் வாசலில் வந்து வேகம் குறைக்கிறது. ஓட்டுநர் எட்டிப் பார்க்கிறார். எது கூடாது என்று விளங்காமல், எதற்கு வம்பு என்று நகர்ந்துவிடுகிறார்.

மேல்வரிக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று இவர் கேட்டார். தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்றார் மாமா.