மகளின் நீர்க்கடுப்பும் ஆய்வகத்துக்காரர்களும்

பத்தாவது படிக்கும் மகளுக்கு நீர்க்கடுப்பு. "சூடு பிடிச்சிருக்கு" என்று என் மாமியார் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். இளநீர், நன்னாரி எல்லாம் ஆயிற்று. சிறுநீரில் லேசாக ரத்தம் தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம்.

டோக்கன் போடும் பெண், அத்தனை பேர் நிற்கும்போது, "பொண்ணுக்கு என்ன பிராப்ளம்? கல்யாணம் ஆயிடுச்சா?" என்று உரக்கக் கேட்டார். பள்ளிச் சீருடையில் நிற்கிற பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! "டாக்டர்கிட்ட சொல்லிக்கிறோம், டோக்கன் மட்டும் கொடுங்க" என்றேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள், கொடுத்துவிடுவார்கள்.

டாக்டர் என்னைச் சற்று நேரம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து மாலை வரை அடக்கி வைப்பதும், பாட்டில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு வருவதும் அப்போதுதான் வெளியே வந்தன.

யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை எழுதினார், சாம்பிள் கொடுத்த பிறகே மாத்திரை என்றார். கூத்து ஆய்வகத்தில்தான். பணத்தை வாங்கிக்கொண்டு டப்பாவை நீட்டி, "பாத்ரூம் அந்தப் பக்கம்" என்றதோடு சரி. அவள் கொண்டுவந்ததை உள்ளே இருந்த மூத்த நர்ஸ் பார்த்துவிட்டு, "மூடியை எங்கேம்மா வச்சே?" என்றார். வாஷ்பேசின் மேல், கவிழ்த்து. "இது செல்லாது, வேற கிருமி கலந்து ரிப்போர்ட் தப்பா வரும்." இதை முன்பே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. தண்ணீர் குடித்துக் காத்திருந்து மறுபடி எடுப்பதற்குள் கல்ச்சர் சாம்பிள் வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. அன்றைக்கு வந்ததே தண்டம்.

அந்த நர்ஸ் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: முதலில் சிறுநீர் போகும் இடத்தை வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது. உடனே கொடுத்துவிட வேண்டும். மாதவிலக்கு நாள் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மறுநாள் கொடுத்தோம், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா என்று வந்தது. நைட்ரோஃபுரான்டாயின் என்ற ஆன்டிபயாடிக் ஐந்து நாள். இந்த மாத்திரை போட்டால் சிறுநீர் பழுப்பாகப் போகலாம், மறுபடி ரத்தமோ என்று நாங்கள் அலறியது போல அலற வேண்டாம். எரிச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். குளிர்காய்ச்சலோ விலாவுக்குப் பின்னால் வலியோ வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்.

கடுப்பு போனது, அரிப்பு வந்தது. திரிந்த பால் போல வெள்ளைப்படுதல் வேறு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் ஒரு ட்யூபை எடுத்து நீட்டினார். வீட்டுக்கு வந்து அட்டையைப் படித்தால் பீட்டாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாதது. டாக்டருக்குப் போன் போட்டேன். ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் அழிப்பதால் பூஞ்சை தலைதூக்கும், அதற்கு வேறு மருந்து, நேரில் வாருங்கள் என்றார். போனோம், சரியாயிற்று.

ட்யூபைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் "வித்தது வித்ததுதான்" என்றார். "சீட்டு கேட்டீங்களா?" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே பணத்தை எடுத்து வைத்தார்.