வால்சிங்கம் மாதாவுக்கு அம்மா வைத்த நேர்த்தி

மகள் 28 வாரத்தில் பிறந்தபோது அம்மா இலங்கையின் மடு மாதாவுக்கும் இங்கிலாந்தின் வால்சிங்கம் மாதாவுக்கும் சேர்த்தே நேர்த்தி வைத்துவிட்டார். மடுக் கடன் அப்போதே தீர்ந்தது. வால்சிங்கம் கடன் ஆறு வருடமாக நின்றது. அம்மாவுக்கு முழங்கால் முடியாது. அதனால் இந்த ஜூலையில், தமிழர் திருயாத்திரை நாளில், நானும் மகளும் போனோம்.

கார் நிறுத்தவே ஒரு மணித்தியாலம். மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டு புகுந்தார்கள். தாயின் வாசலிலுமா இப்படி என்று மனம் நொந்தது. அங்குள்ள ஸ்லிப்பர் சேப்பல் மிகச் சின்னக் கோயில், 14ஆம் நூற்றாண்டினது. அந்தக்கால யாத்திரிகர்கள் பாதணியை இங்கே கழற்றிவிட்டுத்தான் கடைசி மைலை நடந்தார்களாம். பூசை முடிந்து நாங்களும் கழற்றினோம். தார் சுட்டது, பொடிக்கல் குத்தியது. தூக்கட்டுமா என்றால் மகள் மாட்டேன் என்றாள்.

ஊருக்குள் வந்ததும் புனித மரியாள் பங்குக் கோயிலில் நுழைந்தோம். எங்கள் கத்தோலிக்கக் கோயில் இல்லை, ஆங்கிலிக்கன் கோயில்தான், ஆனாலும் மாதாவின் பெயர். இந்த நோர்போக் பகுதியில் நல்ல கட்டடக்கல் அரிது என்பதால் சுவரெல்லாம் சிக்கிமுக்கிக் கல். 1961இல் தீ உள்ளே எல்லாவற்றையும் தின்றது. கோபுரமும் அதன் கூர்முனையும் நின்றன. ஞானஸ்நானத் தொட்டியும் தப்பியது.

அந்தத் தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். 15ஆம் நூற்றாண்டின் எண்கோணக் கல். ஏழு பக்கத்தில் ஞானஸ்நானம் முதலான ஏழு அருட்சாதனங்கள், எட்டாவதில் சிலுவையில் ஆண்டவர். சில உருவங்களுக்கு முகம் சிதைந்திருக்கிறது. ஆனால் ஞானஸ்நானம் நடப்பது தெரிகிறது.

மகள் பிறந்த அன்றிரவு, பிள்ளை விடியும்வரை தாங்காது என்றார்கள். குருவானவர் வந்துசேர நேரமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் மூன்று தரம் அவள் நெற்றியில் தண்ணீர் விட்டு ஞானஸ்நானம் கொடுத்தவன் நான். அவள் தலை என் உள்ளங்கையை விடச் சின்னது. அந்தப் பிள்ளை இப்போது புழுதிக் காலோடு படியில் ஏறி நின்று, கல்லில் இருந்த குழந்தையை விரலால் தடவுகிறாள். மாதாவே, தாயே, ஒரு செபமும் வாயில் வரவில்லை. அழுதேன். எத்தனை தரம் நன்றி சொன்னேனோ தெரியாது.

வெளியே வந்து அம்மாவுக்கு அழைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்குக் கால் நொந்ததோ?"